வலையை அறுத்தவர்கள்

வானம் பார்த்த பூமி எனப் பெயர் பெற்ற அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் வாழும் நமக்குக் கடல் என்பது தொலைவில் உள்ளதொரு பொருளாகவே தோன்றும். கரிசல் மண்ணும், உடைமரங்களும், மழையை எதிர்நோக்கி வாய் பிளந்து கிடக்கும் கண்மாய்களுமே நாம் நாளும் காணும் காட்சி. ஆயினும் கடல் நம்மை விட்டு வெகு தூரத்தில் இல்லை. திருச்சுழியைத் தழுவிச் செல்லும் குண்டாறு, நீர் ஓடும் காலத்தில், கிழக்கு நோக்கிச் சென்று கடலைத்தான் நாடுகின்றது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை வழியாகவே செல்கின்றது. அவ்வழியே மீன் பெட்டிகளும் கருவாட்டு மூட்டைகளும் நம் ஊர்ச் சந்தைகளுக்கு வந்து இறங்குகின்றன.

இன்னும் ஓர் உறவும் உண்டு. நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் படுத்திருக்கும்போது, வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது எதை? பால்சுறாவை அன்றோ! பூண்டு சேர்த்துச் செய்த சுறாப்புட்டை உண்டால் தாய்க்குப் பால் சுரக்கும் என்பது நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கைமருந்து. கடலையே காணாத பெண்ணும் தன் முதற் குழந்தையின் தொட்டிலருகே சுறாவின் சுவையை அறிந்திருக்கின்றாள்.

இவ்வாறு நம் தாய்மாருக்கு உணவான அந்த உயிரினம் இன்று உலகக் கடல்களில் வேகமாகக் குறைந்து வருகின்றது. அதனைக் காக்க முயலும் மனிதர்களைப் பற்றியே இக்கட்டுரை. அவர்களுள் பெயர் பெற்றவர்கள் சிலர். பெயர் வெளிவராதவர்கள் மிகப் பலர். அந்தப் பெயர் வெளிவராதவர்களின் கையில்தான் முழு முயற்சியும் நிற்கின்றது என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

சுறா ஏன் குறைகின்றது?

கடலில் வாழும் பெரும்பாலான மீன்கள் ஒரே முறையில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் முட்டையிடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி அழிந்தாலும் எஞ்சியவை இனத்தைப் பெருக்கிவிடும். சுறாவின் இயல்பு வேறு. அது மெதுவாக வளர்கின்றது. பருவமடையப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல வகைச் சுறாக்கள் நம் ஆடு மாடுகளைப் போலவே கருவைச் சுமந்து குட்டியாகவே ஈனுகின்றன. அதுவும் பெரும்பாலும் சில குட்டிகளே. ஆகவே பிடிப்பது மிகுந்தால் பெருக்கம் அதனை ஈடுசெய்ய இயலாது.

நம் மானாவாரி உழவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பொய்த்த ஆண்டிலும், வீட்டில் உலை கொதிக்க வழியில்லாத நாளிலும், குலுக்கையின் அடியில் இருக்கும் குதிரைவாலி விதையை எடுத்து உண்ண மாட்டான் நம் குடியானவன். உண்டால் அடுத்த ஆண்டு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். சுறாவைப் பொறுத்தமட்டில் மனிதகுலம் பல்லாண்டுகளாக விதைத் தவசத்தையே உண்டு வருகின்றது எனலாம்.

2021ஆம் ஆண்டு வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின்படி, ஆழ்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970க்கும் 2018க்கும் இடையில் 71 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே 2021இல், உலகெங்கும் உள்ள சுறா, திருக்கை வகைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழிவின் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. சுறாவின் துடுப்பு கிழக்காசிய நாடுகளின் விருந்துகளில் விலையுயர்ந்த சூப்பாக மாறியதும், வலைகளும் விசைப்படகுகளும் பெருகியதும் இதற்கு முதன்மையான காரணங்கள். வேறு மீனுக்கு விரித்த வலையில் தற்செயலாகச் சிக்கி மடியும் சுறாக்களும் ஏராளம்.

சுறா போனால் போகட்டும், கடித்து விழுங்கும் கொடிய மீன்தானே என்று சிலர் எண்ணக்கூடும். ஐந்நூறுக்கு மேற்பட்ட சுறா வகைகளுள் மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடியவை மிகச் சிலவே. நோயுற்ற மீனையும் நலிந்த மீனையும் உண்டு, கடலின் உயிர்க்கூட்டத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் பணியைப் பெரிய சுறாக்கள் செய்கின்றன. கடலிலுள்ள பெரும் உயிர்களையும் இறைவனே படைத்தார் என்றும், அவற்றை நல்லவை எனக் கண்டார் என்றும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே நமக்குக் கற்பிக்கின்றது. படைத்தவர் நல்லது எனக் கண்டதை, பயனற்றது என்று தள்ள நமக்கு உரிமை ஏது?

சுறாவைக் கட்டியவர்கள்

சுறாவுக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு பழமையானது. சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தம் தெய்வத்தை ஏற்றி வழிபட்ட செய்தியைத் தருகின்றது. வாள் போன்ற நீண்ட மூக்கையுடைய வேளாச் சுறாவின் கொம்பே அது என்பது பலர் கருத்து. அந்த வேளா இன்று நம் கரையில் காண்பதற்கு மிக அரிதாகிவிட்டது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நூற்றாண்டுகளில், மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்லும் குளியாளிகளுக்குச் சுறாவே பெரும் அச்சமாக இருந்தது. எனவே 'கடற்கட்டி' என்னும் பெயருடைய ஒருவர் கரையில் நின்று மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் 'கட்டுவார்'. அவர் வந்து நின்றாலன்றிக் குளியாளிகள் நீரில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இவ்வழக்கத்தைக் குறித்து எழுதியுள்ளார். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பைக் கண்டு எழுதியோரும் இப்பதவியைப் பற்றிப் பதிவு செய்துள்ளனர். அது பரம்பரைப் பதவியாக இருந்ததென்றும், அதை வகித்தவர் ஒரு கத்தோலிக்கராகவும் இருந்தார் என்றும் அவர்கள் வியப்புடன் குறித்துள்ளனர். 1542இல் புனித சவேரியார் வந்து ஞானம் போதித்த அதே முத்துக்குளித்துறைக் கரையின் மக்களிடையே இப்பழக்கம் நீண்ட காலம் நிலைத்திருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மந்திரத்தால் சுறாவின் வாய் கட்டப்பட்டதோ இல்லையோ, அந்நாளில் மனிதனைச் சுறாவிடமிருந்து காப்பதே தேவையாக இருந்தது. இன்று காலம் தலைகீழாக மாறிவிட்டது. சுறாவை மனிதனிடமிருந்து காக்க வேண்டியதாயிற்று. கட்டுவோர் போய், அவிழ்ப்போர் தேவைப்படுகின்றனர்.

குசராத்துக் கரையில் நிகழ்ந்த மாற்றம்

இந்தியாவில் சுறாப் பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சுட்டுவது குசராத்து மாநிலத்தின் சௌராட்டிரக் கரையில் நடந்த முயற்சியாகும். அங்கே காக்கப்பட்டது திமிங்கலச் சுறா. மீன்களுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவே. 12 மீட்டர் நீளம், அதற்கு மேலும் வளரக்கூடியது. உருவம் இவ்வளவு பெரிதாயினும், நீரை உறிஞ்சி அதிலுள்ள நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்ணும் சாதுவான பிராணி. கரிய முதுகில் வெண்புள்ளிகள் விண்மீன்களைப் போல் சிதறிக் கிடக்கும். ஒரு சுறாவின் புள்ளி வரிசை மற்றொன்றுக்கு இராது. வானியலறிஞர்கள் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வகுத்த கணக்கு முறையைக் கொண்டே இன்று ஆய்வாளர்கள் ஒவ்வொரு திமிங்கலச் சுறாவையும் தனித்தனியே அடையாளம் காண்கின்றனர்.

1990களில் இச்சுறா அக்கரையில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது. பெரிய கொக்கியை உடலில் பாய்ச்சி, அதனுடன் மிதவைப் பீப்பாய்களைக் கட்டி, அது களைத்து ஓயும்வரை விட்டுப் பின்னர் கரைக்கு இழுப்பார்கள். அதனால் அம்மீனுக்கே 'பீப்பாய்' என்று பெயராயிற்று. அதன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப் பயன்பட்டது. இறைச்சி அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியானது.

இக்கொலையை உலகறியச் செய்தவர் மைக் பாண்டே என்னும் திரைப்பட இயக்குநர். 2000இல் அவர் வெளியிட்ட 'மௌனத்தின் கரைகள்' என்னும் பொருள்படும் ஆவணப்படம் பலரது மனச்சான்றைத் தொட்டது. 2001 மே மாதம் நடுவண் அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு, இந்திய வரலாற்றில் முதன்முறையாக ஒரு மீனுக்குக் கிடைத்தது. 2002இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் அதனைத் தன் பட்டியலில் ஏற்றது.

ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறுவதால் கடலில் ஒரு வலை அவிழ்ந்துவிடுமா? இப்படியொரு சட்டம் உண்டு என்பதையே அறியாத மீனவர்கள் அங்கே ஏராளமாக இருந்தனர். அறிந்தவர்க்கும் வயிறு இருந்தது, கடன் இருந்தது. நடுக்கடலில் நள்ளிரவில் ஒருவன் செய்வதைக் காண எந்த அதிகாரியும் அங்கே இருக்கமாட்டார். ஆகவே சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதை விட உள்ளத்தைத் தொடுவதே வழி என்று சிலர் உணர்ந்தனர். இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குசராத்து வனத்துறை, பன்னாட்டு விலங்கு நல நிதியம், அக்கரையில் மித்தாப்பூரில் ஆலை நடத்திவரும் டாட்டா இரசாயன நிறுவனம் ஆகியவை கூடி 2004இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கின.

அவ்வியக்கத்திற்குக் குரலாக அமைந்தவர் மொராரி பாப்பு. இராமாயணக் கதை சொல்வதில் அம்மாநிலமெங்கும் புகழ்பெற்ற சமயப் பெரியவர் அவர். அவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டுதோறும் நம் கரைக்கு வரும் இச்சுறா, பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றவள். வீடு தேடி வந்த மகளைக் கொல்வார் உண்டோ என்னும் கருத்தையே அவர் மக்கள் முன் வைத்தார். அச்சுறா அக்கரையில்தான் ஈனுகின்றது என்பதை அறிவியல் இன்னும் முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் கருவைச் சுமந்து குட்டி ஈனும் தாய் அது என்பது உண்மையே. 1995இல் தைவான் கடலில் பிடிபட்ட ஒரு திமிங்கலச் சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் இருந்தன.

மகள் என்ற அந்தச் சொல் மீனவர் குடில்களில் நுழைந்தது. இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடித்தனர். காற்றடைத்த, உண்மையான அளவிலுள்ள சுறா உருவத்தைக் கடைத்தெருவில் நிறுத்தினர். பள்ளிப் பிள்ளைகள் ஓவியம் தீட்டினர். போர்பந்தர், துவாரகை, வேராவல் போன்ற ஊர்கள் அச்சுறாவைத் தங்கள் ஊரின் சின்னமாக ஏற்றன. 'பீப்பாய்' என்று அழைத்த வாய்கள் 'அன்புக்குரியவள்' எனப் பொருள்படும் 'வஹாலி' என்னும் பெயரால் அழைக்கலாயின. பெயர் மாறியதும் பார்வை மாறியது. பார்வை மாறியதும் கை மாறியது.

அறுபட்ட வலை

இனிச் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. திமிங்கலச் சுறா வலையில் சிக்கினால் அதை விடுவிக்க ஒரே வழி, வலையை அறுப்பதுதான். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வலை அது. பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது. அதை அறுத்தால் அன்றைய மீன் மட்டுமன்று, அடுத்து வரும் பல நாட்களின் பிழைப்பும் போய்விடும். அக்கத்தியைக் கையில் எடுத்தவர் அமைச்சரல்லர், அறிஞரல்லர், படமெடுத்தவருமல்லர். பெயரை எந்த நாளேடும் அச்சிடாத ஓர் ஏழை மீனவர்தான்.

அவ்வாறு அவர்கள் அறுத்தார்கள். ஒருமுறை, இருமுறையன்று. இயக்கம் தொடங்கியதிலிருந்து அக்கரையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் மீனவர் கைகளாலேயே கடலுக்குத் திரும்ப விடப்பட்டுள்ளன.

அவர்களது இழப்பைக் கண்டும் காணாதது போல் மற்றவர்கள் இருந்துவிடவில்லை என்பதும் பாராட்டத்தக்கது. அறுபட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது. தொடக்கத்தில் வனத்துறை ஊழியர் படகில் வந்து பார்த்துச் சான்றளிக்கும்வரை சுறா வலையில் தவித்துக் கிடக்க நேர்ந்தது. பின்னர் மீனவரிடமே ஒளிப்படக் கருவி கொடுக்கப்பட்டது. அவரே படமெடுத்து, அவரே விடுவித்து, படத்தைக் காட்டி இழப்பீடு பெறலாம் என்றாயிற்று. இதனால் சுறா விரைவில் விடுதலை பெற்றது. அதனினும் மேலாக, மீனவரின் சொல்லை அரசு நம்பியது. ஏழையின் வாய்ச்சொல்லை நம்புவது எவ்வளவு பெரிய மதிப்பு என்பதை, வறட்சி நிவாரணத்திற்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய நம் உழவர்கள் நன்கறிவர்.

2011இல் அக்கடலில் ஒரு திமிங்கலச் சுறாவின் உடலில் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி பொருத்தப்பட்டு, அது செல்லும் பாதையும் ஆராயப்பட்டது. அதற்கும் துணை நின்றவர்கள் மீனவர்களே. ஆய்வாளருக்குச் சுறா எங்கே இருக்கின்றது என்று காட்டிக் கொடுக்க அவர்களையன்றி யாரால் இயலும்? பின்னர் இதே இயக்கம் கேரளக் கரைக்கும் விரிந்தது.

நாணயத்தின் மறுபக்கம்

எனினும் எல்லா இடங்களிலும் கதை இவ்வாறே அமைந்துவிடவில்லை. நம் தமிழகத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூரும் அதனைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களும் உள்ளன. அங்கே வாழ்வோர் நம்மைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்தினர். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பெயர் பெற்றவர்கள். நூற்றுக்கணக்கான தூண்டில்களை ஒரே கயிற்றில் கோத்து, இலட்சத்தீவு, குசராத்து எனப் பல கடல்களுக்கும் வாரக் கணக்கில் சென்று தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், கடலில் இருந்த அம்மக்களுள் பலரைத் திரும்பி வராமற் செய்ததை நாம் மறந்திருக்க இயலாது.

2001 சூலையில் நடுவண் அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்தது. நாடெங்கும் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வெகு காலமாகச் செய்துவந்த தொழிலை ஒரே ஆணையால் நிறுத்தினால் எங்கே போவது என்ற அவர்களது கேள்வி நியாயமானது. அவ்வாண்டு டிசம்பரில் அத்தடை 10 இனங்களுக்கு மட்டும் என்று குறுக்கப்பட்டது. திமிங்கலச் சுறாவும் வேளாவும் அவற்றுள் அடங்கும். பின்னர் 2013இல், துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறியும் வழக்கத்தைத் தடுக்க விதி வந்தது. முழு மீனையும் கரைசேர்த்து எதையும் வீணாக்காத தூத்தூர் மக்களுக்கு அக்கொடிய வழக்கம் அன்னியமானதே. ஆயினும் 2015இல் துடுப்பு ஏற்றுமதி முற்றிலும் தடை செய்யப்பட்டபோது, அவர்கள் பிடித்த மீனின் விலையும் அதனால் வீழ்ந்தது.

இத்தடைகள் தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. சுறாக்கள் குறைவது மெய்யே. அதனை முதலில் உணர்பவனும் மீனவனே. நாம் சொல்வதெல்லாம், நன்மை உலகனைத்துக்கும், இழப்பு மீனவனுக்கு மட்டும் என்றால் அது நீதியாகாது என்பதே. குசராத்தில் வலை அறுபட்டபோது மற்றவர்களும் அவ்வலையின் விலையில் பங்கேற்றனர். அதனாலேயே அங்கே மனம் மாறியது. பங்கேற்பார் இல்லாத இடத்தில் சட்டம் மட்டுமே நிற்கும். சட்டமும் தனியாக நெடுநாள் நிற்காது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடல் வலியுறுத்திய உண்மையும் இதுவே. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் நாம் வேறுவேறாகக் கேட்கக்கூடாது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குக் காதை அடைத்துக் கொள்பவன் இரண்டையுமே சரிவரக் கேட்கவில்லை.

நம் கரையில் உழைப்போர்

நமக்கு அருகிலுள்ள கடலிலும் இப்பணி நடைபெறாமல் இல்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் பணியாற்றி வருகின்றது. அதன் பணியாளர்கள் படகு கரை சேரும் வேளையில் மீன் இறங்குதளங்களில் நின்று, எந்த வகைச் சுறா எவ்வளவு வந்தது, என்ன நீளம், சினையா குட்டியா என்று அளந்து எழுதுகின்றனர். மீன் நாற்றத்திலும் வெயிலிலும் நின்று அவர்கள் எழுதும் அந்த எண்களே ஆய்வுகளுக்கு அடித்தளம். 2022 செப்டம்பரில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிருடன் கடலில் விட்ட மீனவர்கள் இக்கரையிலும் பாராட்டப்பட்டு வருகின்றனர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்பதையும் நாம் அறிவோம். மீன் விலை ஏறிவிட்டதே என்று அந்நாட்களில் நாம் முணுமுணுக்கின்றோம். கடல் இளைப்பாற, ஒரு கூட்டம் தன் அடுப்பைத் தணித்துக்கொண்டிருக்கும் காலம் அது. ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு கொடு என்று மோயீசன் வழியாகக் கட்டளையிட்ட இறைவனின் ஞானத்தை இதிலும் காணலாம்.

மறைநூல் கற்பிக்கும் பாடம்

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துக் கொள்ளாதே. தாயைப் பறக்கவிடு என்கின்றது அது. உண்ணாதே என்று இறைவன் தடுக்கவில்லை. வேரோடு பிடுங்காதே என்றே சொல்லுகின்றார். தாயை விட்டுவிடுபவன் நலமாக நெடுநாள் வாழ்வான் என்ற வாக்குறுதியையும் அதனுடன் இணைக்கின்றார். தாய்தந்தையரைப் போற்றுபவர்க்கு அளித்த அதே வாக்குறுதி!

அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவரின் சொற்படி இராயப்பரும் தோழர்களும் வலை வீசி 153 பெரிய மீன்களைப் பிடித்தனர். இத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை என்று நற்செய்தியாளர் வியந்து எழுதுகின்றார். கிழியாத வலை ஓர் அருங்குறி. ஆனால் சௌராட்டிரக் கரையின் மீனவன், கிழியாத வலையைத் தானே கிழித்தான். ஆண்டவரின் பெயரை அவன் அறிந்திருக்க மாட்டான். ஆயினும் தன்னிடமிருந்த பிழைப்பனைத்தையும் காணிக்கையிட்ட ஏழைக் கைம்பெண்ணைச் சுட்டிக்காட்டிய ஆண்டவர், இவனையும் நிச்சயம் கண்டிருப்பார்.

இராயப்பருக்குக் கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரம் அளித்தார் இயேசு. அது திருச்சபைக்குரிய மேலான அதிகாரம். எனினும் இல்வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் தத்தம் அளவில் கட்டுவதும் அவிழ்ப்பதும் உண்டு. நம் ஆசையைக் கட்ட வேண்டும். நம் கைப்பிடியில் சிக்கியதை, தேவையெனில், அவிழ்த்துவிட வேண்டும்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். சந்தையில் கேட்பார் உள்ளதே கரைக்கு வருகின்றது. ஆகவே நம் பங்கும் உண்டு.

முதலாவது, குட்டிச் சுறாவையும் சினைச் சுறாவையும் விரும்பி வாங்குவதை நாம் தவிர்க்கலாம். விற்பவரிடம் இனிமையாகச் சொன்னால் அவரும் தம் வியாபாரிக்குச் சொல்வார். கருவாட்டுக் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக வரும் அந்தத் தாயும் ஏழைதான். அவரைக் கடிந்து பேச வேண்டாம். சுறாவுக்குப் பதில் வேறு கருவாட்டை அவரிடமே வாங்கினால் போதும்.

இரண்டாவது, பிள்ளை பெற்ற தாய்மாரைக் குறித்து. பாட்டிமாரின் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் பிற மீன்களை உண்டு வாழும் சுறாவின் உடலில் பாதரசம் சேருகின்றது என்பதை இக்கால மருத்துவம் கண்டறிந்துள்ளது. ஆகவே கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகின்றது. நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு, சத்தோ மிகுதி, விலையும் எளிது. அவை விரைவில் பெருகும் இனங்கள். நெத்திலிக் குழம்பும், பூண்டும், கொல்லையில் நிற்கும் முருங்கைக் கீரையும் தாய்க்கும் சேய்க்கும் நன்மை தரும். ஐயமிருப்பின் மருத்துவரையோ ஊர்ச் செவிலியரையோ கேட்டறிவது நலம்.

மூன்றாவது, கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் சகோதரர்களை நினைவுகூர வேண்டும். நமக்கு வறட்சி போல் அவர்களுக்குப் புயல். நமக்கு விதை போல் அவர்களுக்கு வலை. மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்காகத் திருப்பலியிலும் குடும்பச் செபத்திலும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக் கொள்ளலாம். விலை சற்றுக் கூடினாலும், அதனை அவர்களது இழப்பில் நாம் ஏற்கும் சிறு பங்காகக் கருதலாம்.

நான்காவது, நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பில் யோனாசை விழுங்கிய பெரிய மீனின் கதையைச் சொல்லும்போது, பெரிய மீனைப் பிழைக்கவிட்ட மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். படமெடுத்தவரையும் உரையாற்றியவரையும் அவர்கள் அறியட்டும். அவர்களுக்கெல்லாம் மேலாக, நள்ளிரவில், சாட்சி எவருமின்றி, தன் வலையின் மேல் கத்தியை வைத்த அந்தப் பெயர் தெரியாத மீனவனை அறியட்டும். விதைத் தவசத்தைத் தொடாமல் பசியோடு படுத்த தங்கள் முன்னோரின் உறவினன் அவன் என்பதை நம் கரிசல் காட்டுப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

கடலையும் அதில் வாழும் சிறிய, பெரிய உயிர்கள் அனைத்தையும் படைத்த இறைவன், அவற்றால் வாழ்வோரையும் அவற்றைக் காப்போரையும் ஆசீர்வதிப்பாராக!